பக்கத்துக் கிணறு வத்தினால் ஆரைக் கேட்கிறது?

1861ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு தண்ணீர் வழக்கு வந்தது. ஒருவருடைய காணியில் இருந்த ஊற்று கெட்டுப்போச்சு. பக்கத்துக் காணிக்காரர் தன்னுடைய நிலத்தில் தோண்டிய குழிதான் காரணம் என்பது அவருடைய முறைப்பாடு. ‘ஃப்ரேசியர் எதிர் பிரவுன்’ என்று அறியப்படும் அந்த வழக்கில், முறையிட்டவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நீதிமன்றம் இரண்டு காரணம் சொன்னது. நிலத்துக்குக் கீழே தண்ணி எப்பிடி ஓடுது என்பது மறைபொருள், அறிய முடியாத ஒன்றுக்குச் சட்டம் போட ஏலாது என்பது முதலாவது. அப்படிப் போட்டால் சுரங்கம், ரயில் பாதை, வடிகால் போன்ற அபிவிருத்தி வேலைகள் தடைப்படும் என்பது இரண்டாவது.

இது ஒஹாயோவின் கண்டுபிடிப்பு இல்லை. 1843இல் இங்கிலாந்தில் ‘ஆக்டன் எதிர் பிளண்டல்’ வழக்கிலும் இதே கதைதான். நிலக்கரிச் சுரங்கம் தோண்ட, பக்கத்திலிருந்த பஞ்சாலையின் கிணறு வற்றியது. தன் நிலத்துக்குக் கீழே இருப்பதை எடுக்க நிலச் சொந்தக்காரனுக்கு உரிமை உண்டு, அயலவனின் கிணறு வற்றினால் அது அவனுடைய கெட்டகாலம் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

சுருக்கமாச் சொன்னால், ஆழமாத் தோண்டினவன் வெண்டான். ‘தெரியாது’ என்ற ஒரு சொல், பெரிய மெசின் வைத்திருந்தவனின் பக்கம் நின்றது. கிணற்றுக்குத் தண்ணி வரும் வழியைக் கணக்கிடப் பழகிய வரலாற்றை நாங்கள் இந்த இடத்திலிருந்துதான் வாசிக்க விரும்புகிறோம். பொறியியல் புத்தகத்தில் அது சமன்பாடுகளின் வரிசை. எங்களுக்கு அது, அந்தத் ‘தெரியாது’ கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கப்பட்ட கதை.

உண்மையில் ஒஹாயோ தீர்ப்பு வரும்போதே முதல் கல் உடைந்துவிட்டது. பிரான்சின் டிஜோன் நகரத்துக்கு ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்த பொறியியலாளர் ஹென்றி டார்சி, 1856இல் வெளியிட்ட தன் நூலின் பின்னிணைப்பில் ஒரு பரிசோதனையை எழுதியிருந்தார். நிமிர்த்தி வைத்த குழாய்க்குள் மணலை நிரப்பி, மேலே தண்ணி விட்டு, கீழே எவ்வளவு வருகிறது என்று அளந்தார். மேல் மட்டத்துக்கும் கீழ் மட்டத்துக்கும் இடையிலான வித்தியாசம் கூடினால் ஓட்டம் அதே விகிதத்தில் கூடும். மணலின் நீளம் கூடினால் குறையும். ஒவ்வொரு மணலுக்கும் அதற்கே உரிய ஓர் எண் உண்டு. மறைபொருள் என்று சொல்லப்பட்டது, வாளியும் கடிகாரமும் கொண்டு அளக்கக்கூடியதாக இருந்தது.

ஆனால் கிணறு மணல் நிரப்பிய குழாய் இல்லைத்தானே. கிணற்றுக்கு எல்லாப் பக்கத்தாலும் தண்ணி வரும். இறைக்கத் தொடங்கினால் சுற்றியுள்ள நீர்மட்டம் ஒரு புனல் வடிவில் இறங்கும். 1906இல் ஜேர்மனியரான குந்தர் தீம் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். அதில் ஒரு குறை: புனல் விரிந்து முடிந்து, எல்லாம் ஒரு நிலைக்கு வந்துவிட்டதாக அது எடுத்துக்கொண்டது. இன்றைக்கு இறைக்கத் தொடங்கினால் பக்கத்துக் கிணறு எப்போது இறங்கும் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. காலம் அதற்குள் இல்லை.

காலத்தை உள்ளே கொண்டுவந்தவர் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தில் வேலை செய்த சார்ள்ஸ் தைஸ். மண்ணுக்குள் தண்ணி நகர்வதும் உலோகத்துக்குள் வெப்பம் நகர்வதும் ஒரே மாதிரி என்று அவருக்குப் பட்டது. பெரிய தகட்டின் ஒரு புள்ளியில் வெப்பத்தை உறிஞ்சினால் சுற்றிலும் எப்படிக் குளிரும் என்று கணிதக்காரருக்கு ஏற்கனவே தெரியும். தைஸ், கிளாரன்ஸ் லூபின் என்ற கணித நண்பரின் உதவியோடு அந்தத் தீர்வைக் கிணற்றுக்குப் பொருத்தி 1935இல் வெளியிட்டார். இப்போது ஒரு கிணற்றில் இத்தனை நாள் இறைத்தால், இத்தனை தூரத்திலுள்ள கிணறு எவ்வளவு இறங்கும் என்று சொல்லலாம்.

தைஸ் 1940இல் எழுதிய இன்னொரு கட்டுரை எங்களுக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அதன் கருத்து மிக எளிது. கிணற்றிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு வாளிக்கும் வேறெங்கோ ஓரிடத்தில் ஒரு வாளி குறைய வேண்டும். முதலில் சேமிப்பிலிருந்து குறையும். பிறகு ஓர் ஆற்றுக்கோ ஊற்றுக்கோ போகவேண்டிய தண்ணி குறையும், அல்லது வேறிடத்திலிருந்து கூடுதலாக உள்ளே வரும். ‘சும்மா கிடக்கிற தண்ணி’ என்று ஒன்று இல்லை.

சரி, அந்த ‘வேறெங்கோ’ எங்கே? நிலம் ஒரே மண்ணாக இருந்தால் பக்கவாட்டில் மட்டும் தேடினால் போதும். ஆனால் நிலம் அடை தோசை மாதிரி படை படையாக இருக்கிறது. மணல், அதன் கீழே களி, அதன் கீழே சுண்ணக்கல். தைஸின் கணக்கில் களிப்படை ஒரு பூட்டிய கதவு. உண்மையில் அது கசியும் கதவு.

இதற்கு நல்ல உதாரணம் நியூ மெக்சிகோவின் ரோஸ்வெல் பகுதி. அங்கே ஆழத்தில் சுண்ணக்கல் படை, மேலே ஆற்று மண் படை, இரண்டுக்கும் நடுவே தண்ணியை மெதுவாக மட்டும் விடும் படை. 1890களில் சுண்ணக்கல் வரை துளைத்தபோது, அமுக்கத்தில் தண்ணி தானாகவே நிலத்துக்கு மேலே பாய்ந்தது. கிணறுகள் பெருகின, அமுக்கம் விழுந்தது. கடைசியில் 1931இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது: எல்லைகளை நியாயமான அளவுக்கு அறியக்கூடிய நிலத்தடி நீர்ப்படுகைகள் பொதுச் சொத்து. ஒஹாயோவில் ‘அறிய முடியாது’ என்று தொடங்கிய கதை, இங்கே ‘அறிய முடிந்தால் அது எல்லாருக்கும் உரியது’ என்று திரும்பியது.

அதே மாநிலத்தில் படிப்பித்த ஈராக்கியரான மஹ்தி ஹன்டுஷ்தான் கசியும் கதவுக்குக் கணக்குப் போட்டவர். 1955இல் தன் ஆசிரியர் ஜேக்கப்போடு சேர்ந்து, கீழ்ப்படையில் இறைத்தால் மேற்படையிலிருந்து களியூடாக எவ்வளவு இறங்கும் என்பதைச் சமன்பாடாக்கினார். 1957இல் ரோஸ்வெல் படுகையைப் பற்றியே ஓர் அறிக்கை எழுதினார். 1960இல் இன்னும் ஒரு படி போனார். களி தண்ணியை விடும் வழி மட்டும் இல்லை, தன்னுள்ளே தண்ணி வைத்திருக்கும் பாத்திரமும்தான். அது மெதுவாக, பிந்தி விடும். ஆகவே கொஞ்ச நாள் இறைத்துப் பார்த்துவிட்டு “மட்டம் நிக்குது, பிரச்சினை இல்லை” என்று சொல்வது ஆபத்து. களி தன் கையிருப்பைச் செலவழிக்கும் வரைக்கும் மட்டம் அப்படித்தான் நிற்கும்.

இரண்டு படைக்கு மேல் போனால் தாளும் பேனையும் களைத்துவிடும். 1950கள், 60களில் தடையிகளையும் கொள்ளளவிகளையும் வலை மாதிரிப் பின்னி, மின்னோட்டத்தை நீரோட்டமாகப் பாவித்து மொடல் செய்தார்கள். பிறகு கணினி வந்தது. 1984இல் மக்டொனால்ட், ஹார்போ இருவரும் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்துக்காக எழுதிய மொட்ஃப்ளோ வெளிவந்தது. நிலத்தைப் படை படையாக, பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் டார்சியின் விதியைப் போடும் நிரல் அது. அதே 1984இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் தன் 1861 தீர்ப்பைக் கைவிட்டது. நிலத்தடி நீர் இனிமேல் மறைபொருள் இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 123 வருசம்.

இதை நாங்கள் ஏன் படிக்க வேணும்? யாழ்ப்பாணக் குடாநாட்டின் கீழே கிடப்பதும் சுண்ணக்கல்தான். எங்கட கீழ்ப்படை கடல். மழைத்தண்ணி பாரம் கூடின உப்புத்தண்ணிக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேலே நல்லதண்ணி 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நல்லதண்ணி இருக்கும் என்பது பழைய கணக்கு. அதை மறுபக்கம் திருப்பிப் பாருங்கோ: மேலே 1 அடியை இழந்தால், காலப்போக்கில் கீழே உப்பு 40 அடி ஏறலாம்.

எங்கட காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதுவது வழமை. ஒரு கிணற்றைப் பல குடும்பம் முறை வைத்து இறைத்த சமூகம் இது. துலா மிதித்த காலத்தில் மனிசரின்ர உடம்பே இறைப்புக்கு ஓர் எல்லை வைத்தது. வோட்டர் பம்ப் அந்த எல்லையை எடுத்துவிட்டது. உறுதியில் பங்கு போட்டது கிணற்றின் வாயை மட்டும்தான். கீழேயுள்ள படைக்குப் பங்கும் இல்லை, முறையும் இல்லை. அதில் நாங்கள் இன்னும் 1861இல்தான் நிக்கிறம்.

மொடல் வந்தால் எல்லாம் சரிவரும் என்றும் இல்லை. சுண்ணக்கல்லில் வெடிப்பும் குகையும் இருக்கும். டார்சியின் மணல் மாதிரி அதில் தண்ணி ஒழுங்காக ஓடாது. அதோடு எந்த மொடலும் உள்ளே போடும் எண்களை நம்பித்தான் நிற்கும். அந்த எண்கள் கிணற்றடியில்தான் இருக்கின்றன. ஒரு கயிறு, ஒரு கல், ஒரு அளவு நாடா, ஒரு கொப்பி போதும். மாதத்துக்கு ஒருக்கா, அதே நாளில், இறைக்க முதல், கிணற்றுக்கட்டிலிருந்து தண்ணி வரைக்கும் எவ்வளவு என்று குறிக்க வேணும். ஓர் ஊரில் பத்துக் கிணற்றில் பத்து வருசம் இதைச் செய்து வைத்தால், பக்கத்தில் ஒரு குழாய்க்கிணறு வரும்போது, “ஒண்டும் ஆகாது, ஆருக்குத் தெரியும்” என்று சொல்பவரின் முன்னால் அந்தக் கொப்பியை விரிச்சு வைக்கலாம்.