சொறிமீனுக்கு வைத்த கம்பி

கடலாமையைக் காக்கும் கருவி ஆமைக்காகப் பிறந்ததல்ல என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கக்கூடும். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஜார்ஜியா கரையில் இறால் பிடித்துவந்த சின்கி பூன் என்பவருக்குத் தொல்லை கொடுத்தவை சொறிமீன்களே. இழுவலையின் மடியை அவை அடைத்துக்கொண்டன. அவர் மடிக்கு முன்னே சாய்வாக ஒரு கம்பித் தடுப்பையும், அதையொட்டி ஒரு திறப்பையும் வைத்தார். இறால் கம்பிகளினூடே மடிக்குள் சென்றது. பெரியவை கம்பியில் மோதிச் சறுக்கி வெளியேறின. ஆமையும் அவ்வாறே தப்பியது.

ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். நெடுநேரம் இழுபடும் மடிக்குள் சிக்கினால் கடலிலேயே மூழ்கிச் சாகும். அமெரிக்கக் கடல்களில் மனிதரின் பிற செயல்கள் யாவும் சேர்ந்து கொல்லும் ஆமைகளைவிட இறால் வலைகள் கொல்பவையே மிகுதி என்று 1990இல் அந்நாட்டுத் தேசிய ஆய்வு மன்றம் அறிவித்தது.

ஆயினும் 1987இல் இக்கருவி அரசு விதியாக வந்தபோது, மீனவரிடையே பிறந்ததை மீனவரே வெறுத்தனர். தன் அலுவலர்கள் அவ்விதியைச் செயல்படுத்தக் கூடாதென்று லூசியானா மாநிலம் அவ்வாண்டே சட்டம் இயற்றியது. 2015இல்தான் அது நீங்கியது. 1989 ஜூலையில் டெக்சாஸ், லூசியானா துறைமுக வழிகளைப் படகுகளால் மறித்தனர். இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. திறப்பின் வழியே இறாலும் நழுவக்கூடும். அந்த நட்டம் படகுக்காரருடையது.

சொந்த மீனவரே மறியல் செய்த அதே ஆண்டில், அயல்நாட்டு இறாலுக்கும் இந்நிபந்தனையை விதிக்கும் சட்டத்தை அமெரிக்கா இயற்றியது. முதலில் கரீபியப் பகுதி நாடுகள், 1996இல் ஆசியாவும். முன்னவர்க்கு மூன்றாண்டு அவகாசம், ஆசிய நாடுகளுக்கோ நான்கே மாதம். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகியவை உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. ஒடிசாக் கரையில் பங்குனி ஆமைகள் திரளாக முட்டையிடும் நாடு இந்தியா என்பதை இங்கு மறந்துவிடலாகாது. ஆமையைக் காக்கும் நோக்கம் ஏற்கத்தக்கது, நாடுகளிடையே காட்டிய பாகுபாடு ஏற்கத்தகாதது என்று 1998இல் மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்பளித்தது. அமெரிக்கா தன் நடைமுறையைத் திருத்திக்கொண்டது. 2001இல் மலேசியா மீண்டும் எதிர்த்துத் தோற்றது.

அமெரிக்க விதிப்படி கம்பிகளின் இடைவெளி ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். அதில் ஆமை நுழையாது. மீன்குஞ்சும் நண்டுக்குஞ்சும் இறாலோடு சேர்ந்தே நுழையும். நம் கரைகளில் சங்காயம் என்று ஒதுக்கித் தீவனத்துக்கு அள்ளப்படும் அந்தக் குவியல், இவ்வழக்கின் பொருளாக இருக்கவில்லை.