வெண்கலக் காசில் ஊர்ப்பெருமை

ரோமப் பேரரசின் ஆசிய மாகாணத்து நகரங்கள் தத்தம் புழக்கத்துக்கென வெண்கலக் காசு அடித்துக்கொண்டன. முன்பக்கத்தில் பெரும்பாலும் பேரரசர் தலை. பின்பக்கம் ஊருக்குச் சொந்தம். அந்தப் பின்பக்கத்திலும் பேரரசருக்கு எடுத்த கோயிலையே பல நகரங்கள் பொறித்திருப்பதை வெறும் முகத்துதி என்று ஒதுக்கிவிட முடியாது. அண்டை ஊர் பார்க்கட்டும் என்றே அவை பொறிக்கப்பட்டன என்பது என் எண்ணம்.

கி.பி. 26இல் நடந்த ஒரு வழக்கை ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதிவைத்திருக்கிறார். பேரரசர் திபேரியஸுக்கும் அவர் தாய் லிவியாவுக்கும் செனட்டுக்கும் சேர்த்து ஒரு கோயில் எடுக்கும் உரிமைக்காக 11 நகரங்கள் ரோமில் வாதாடின. பெர்கமுவில் அகஸ்டஸ் கோயில் இருக்கிறது, எபேசுக்கு ஆர்ட்டெமிஸ் தேவி இருக்கிறாள் என்று அவ்விரண்டையும் கழித்தார்கள். கடைசிவரை நின்ற சர்தையை முந்தி, வென்றது சிமிர்னா. ரோமாபுரித் தேவிக்கு கி.மு. 195இலேயே கோயில் கட்டியவர்கள் தாங்கள் என்று அது சொன்னது. பிறகு அந்த ஊர் அடித்த காசில் ஒருபுறம் செனட்டும் லிவியாவும் முகத்துக்கு முகம். மறுபுறம் நான்கு தூண் கோயிலுக்குள் திபேரியஸ்.

இப்படி மாகாணக் கோயிலைப் பெற்ற நகரம் ‘நியோகோரோஸ்’, அதாவது கோயில் காப்பாளர், என்று பட்டம் சூடிக்கொண்டது. அடுத்த கோயில் கிடைத்தால் பட்டத்தோடு எண்ணும் ஏறும். மூன்றை எட்டிய சிமிர்னா, அழகிலும் அளவிலும் ஆசியாவின் முதல் நகரம் தானே என்று காசில் எழுதியது. எபேசும் விட்டுக்கொடுக்கும் ஊரல்ல. இதற்கு முன்பே, தன் பட்டத்தை சிமிர்னா முறையாகக் குறிப்பிடவில்லை என்று அது கொடுத்த புகாருக்குப் பேரரசர் அந்தோனினஸ் பயஸே சமாதானக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

பேரரசர் எலகாபலஸ் காலத்து எபேசுக் காசு எனக்கு இவற்றுள் தலையாயது. சுமார் மூன்று சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நான்கு கோயில்கள். ஒன்றில், இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் ஆர்ட்டெமிஸ். மற்ற மூன்றிலும் பேரரசர்கள். எல்லா நகரங்களிலும் தாங்கள் மட்டுமே நான்குமுறை கோயில் காப்பாளர் என்கிறது வாசகம். இவ்வளவு சிறிய இடத்தில் தூணும் முகடும் சிலையும் சிதையாமல் வெட்டிய அச்சுக் கொல்லரின் கைத்திறம் வியக்கத்தக்கது.

222இல் எலகாபலஸ் கொல்லப்பட்டார். அவர் பெயரோடு அவர் தந்த நான்காம் பட்டமும் அழிந்தது. அடுத்து வந்த செவெரஸ் அலெக்சாந்தர் காலக் காசுகளில் எபேசு மூன்றுக்கு இறங்கி நிற்கிறது. ஆனாலும் அந்த எண்ணை ஊரார் மறக்கவில்லை. பின்னர் பேரரசர் வலேரியன் ஆட்சியில், அக்கசாலை மூடப்படச் சில ஆண்டுகளே இருந்தபோது, காசில் மறுபடியும் நான்கு என்று பொறித்தார்கள்.