கம்பியை இழுத்தால் காற்று!

ஸ்கூபா சான்றிதழ் கைக்கு வந்ததும் பலருக்குக் கலர் கலரான ஃபின்ஸ் மேல்தான் கண். கொஞ்சம் பின்னால் போவோமா?

1943-ல் பிரான்ஸில் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய அக்வாலங்குக்கு மூலம், போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கார்களை எரிவாயுவில் ஓட்ட கான்யான் செய்த வால்வு! (சுவாரஸ்யம்தானே?)

ஆனால் மிச்சக் காற்றைக் காட்டும் மீட்டர் பல வருஷம் வழக்கத்தில் இல்லை. மூச்சிழுக்கக் கஷ்டமானால் சிலிண்டரின் கம்பியை இழுக்க வேண்டும். ஜே-வால்வு திறந்து, ஒதுக்கி வைத்த காற்று வரும். அந்தக் கம்பி எதிலாவது இடித்து முன்னமே இறங்கியிருந்தால்? ஒதுக்கின காற்றும் அதற்குள் தீர்ந்திருக்கும். இழுத்துப் பார்க்கும்போதுதான் தெரியும்! மீட்டர் பரவலானதும் ஜே-வால்வு மெல்ல மறைந்தது.

என் கணக்கில் முதல் காசு முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க்குக்கு. அடுத்து ரெகுலேட்டரும் மீட்டரும். ஃபின்ஸ் வாடகைக்கே கிடைக்கும் சாமி.