தென்திருவிதாங்கூர்த் திருச்சபை வழிபாட்டில் இசைக்கருவிகள்

இறைவழிபாட்டில் இசைக்கருவிக்கு இடமுண்டா என்னும் வினா கிறித்தவ சமய வரலாற்றில் பழமையானது. 150ஆம் சங்கீதம் கருவிகளை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி அழைக்கிறது. புதிய ஏற்பாட்டு நிருபங்களோ சபையார் பாடுவதைக் கூறுமிடத்துக் கருவி எதனையும் சுட்டவில்லை. இம்மௌனத்தைத் தடை எனக் கொண்டோரும் உளர்; இசைவு எனக் கொண்டோரும் உளர். கீழைத் திருச்சபைகள் பல நெடுங்காலம் குரலொன்றையே ஏற்றன. தாமே இசைவல்லவராயிருந்த சுவிங்கிலியின் சூரிச்சு நகரில் 1520களில் ஆர்கன் இசை ஒழிக்கப்பட்டது. ஆயின், திருவனந்தபுரம் முதல் நாகர்கோவில் வரையிலான பகுதியில் இது வேதவசன விளக்கமாக மட்டும் நிற்கவில்லை. குறித்ததொரு கருவி எவருடையது, எவ்விடத்தில் ஒலித்துவந்தது என்பதே இங்கு அதன் தகுதியை அறுதியிட்டது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கிறது.

1806இல் ரிங்கல்தௌபே மயிலாடியில் பணியைத் தொடங்கியபோது அவரை வரவேற்றவர் அவ்வூர் மகாராசன் வேதமாணிக்கம். அவரை அனுப்பிய இலண்டன் மிஷன் சங்கம், எளிய வழிபாட்டைப் போற்றிய சபைமரபினரின் செல்வாக்கு மிக்கது. போதனையும் செபமும் கூட்டுப் பாடலுமே அம்மரபின் உயிர்நாடி. 1956இல் மொழிவழி எல்லை பிரிக்கும்வரை நாகர்கோவிலும் நெய்யூரும் திருவனந்தபுரமும் ஒரே அரசின்கீழ் அமைந்த பணிக்களங்களாயிருந்தன என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சிக்கல் முதலில் வெளிப்பட்டது தஞ்சையில். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். இரண்டாம் சரபோசியின் அவையில் மதிக்கப்பெற்றவர். 1820களில் வந்த புதிய மிஷனரிகள்மீது அவர் சுமத்திய குற்றங்கள் நான்கு: விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றியமை, சாதிப் பிரிவுகளை வலிந்து கலந்தமை, திருமண இறப்புச் சடங்குகளின் சிறப்புகளைத் தடுத்தமை, தமிழிசைப் பாடல்களை வழிபாட்டினின்று விலக்கியமை. நான்காவதனை மட்டும் எடுத்துப் போற்றுதல் நம் ஆய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. இரண்டாவதனை விட்டுவிட்டு நான்காவதனைப் படிப்பது நேர்மையாகாது. அவர் காக்க முனைந்த இசை, வேளாளர் மரபும் அரசவை மரபும் இணைந்த ஒரு வாழ்முறையின் பகுதியாகவே அவருக்குத் தோன்றியது.

அதே காலத்தில் திருவனந்தபுரம் அரண்மனையில் எதிர்த்திசையில் ஒரு கருவி பயணம் செய்தது. சுவாதித் திருநாள் 1834இல் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். வடிவேலு ஷ்வார்ட்சிடமே வயலின் கற்றார் என எழுதுவோர் உளர். ஷ்வார்ட்ஸ் 1798இல் மறைந்தார். வடிவேலு பிறந்த ஆண்டு 1810. இக்கதை இனியேனும் கைவிடப்படுதல் நன்று. எவ்வாறாயினும், ஐரோப்பியக் கருவியைக் கருநாடக இசை தயக்கமின்றி ஏற்றுக்கொண்டது. அவ்வரசின் தென்கோடியிலோ உள்ளூர்க் கருவிகள் ஐயத்துடன் நோக்கப்பட்டன.

அவ்வையத்தின் காரணத்தைக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சாணார் பற்றிய நூல் தெளிவாக்குகிறது. பேயாட்டத்தில் முழங்கும் கருவிகளை அவர் இசைக்கருவிகள் என ஏற்கவே தயங்குகிறார். இரைச்சற் கருவிகள் என்றே கருதுகிறார். அவற்றுள் முதன்மையாக அவர் விவரிப்பது மணிகள் கட்டிய பெரிய வில். அது குடத்தின்மீது சார்த்தப்பெற்றிருக்கும். வில்லுப்பாட்டே இது என்பது வெளிப்படை. கொடைவிழாவில் வில்லும் உடுக்கையும் ஒலிக்கத் தெய்வம் இறங்கி ஆடும். அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்து திருமுழுக்குப் பெற்ற ஒருவருக்கு ஆலயத்துள் உடுக்கை ஒலிப்பின் அது எதனை அழைத்திருக்கும்? மிஷனரியின் வெறுப்பு மட்டுமன்று, சபையாரின் அச்சமும் இங்குச் செயற்பட்டிருத்தல் கூடும். நாகசுரத்தின் நிலை வேறு. அது பெருங்கோயிலின் கருவி. மதம் மாறியோரின் முன்னோர்க்கு அக்கோயில்களின் வாயில் அடைபட்டிருந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேச அறிவிப்பு வரும்வரை அவர்தம் இனத்து இந்துக்களுக்கும் அதுவே நிலை. ஆக, ஒரு கருவி விட்டுவந்த வழிபாட்டினது. மற்றொன்று நுழைய விடாத வழிபாட்டினது.

இவ்விரண்டிற்கும் இடையில் இடம்பிடித்ததே கீர்த்தனை. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், 1853இல் சாஸ்திரியாரின் பாடல்களைப் பெரிதும் தழுவித் தொகுப்பு வெளியிட்டபின் கீர்த்தனை பொதுவழிபாட்டில் காலூன்றியது. கிறிஸ்தாயனம் (1865) இயற்றிய மயிலாடி ஜான் பால்மர் (1812–1883) தென்திருவிதாங்கூரின் பெரும் கீர்த்தனைக் கவிஞர். நெய்யாற்றின்கரையை அடுத்த திருப்புறத்தில் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் (1847–1916) தமிழ்க் கீர்த்தனைகள் பலவற்றை மலையாளத்திற்குக் கொணர்ந்தார். திருவனந்தபுரச் சபைகளில் மலையாளம் பாடுவோர் நாவிலும் தமிழ் மெட்டுகள் நிலைத்தமைக்கு அவர்பணி ஒரு காரணம். கீர்த்தனை நூல்கள் பாடலின் தலைப்பில் இராகமும் தாளமும் குறித்தே அச்சாயின. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் யாப்புக்குத் தாளம் இன்றியமையாதது. வாயில் தடுக்கப்பட்ட மத்தளம் அச்சுப்பக்கத்தின் ஆதிதாளம், சாபுதாளம் என்னும் குறிப்புகளில் மறைந்து உள்நுழைந்தது எனலாம்.

வெளிப்படையாக நுழைந்தது ஆர்மோனியம். 1842இல் பாரிசில் தெபேன் காப்புரிமை பெற்ற இக்கருவி கோயிலையும் கொடையையும் அறியாதது; எனவே எவரையும் உறுத்தவில்லை. ஆனால் அதனால் கமகத்தை இசைக்கவியலாது. 1940 முதல் 1971 வரை அனைத்திந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம். கீர்த்தனையின் இராகம் சபைகளில் நேர்கோட்டுச் சுரங்களாகச் சுருங்கியமைக்கு இக்கருவியைப் பொறுப்பாக்காமல் இருக்க இயலவில்லை.

1892இல் நாகர்கோவிலுக்கு வந்த இரட்சணிய சேனையின் வழிபாட்டில் பெருமுரசுக்குத் தடையிருந்ததில்லை. அது படைமுரசு, பறையன்று. கத்தோலிக்கர்க்குப் பத்தாம் பயஸ் 1903இல் பியானோவையும் முரசையும் ஆலயத்துள் விலக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அந்தந்த நாட்டுக் கருவிகளுக்கு இசைவளித்தது. சீர்திருத்தச் சபையாருள் பறையையும் நாட்டார் மெட்டையும் வழிபாட்டிற்குள் அழைத்தவர் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு (மறைவு 2005). கீர்த்தனை தமிழ்மயமாக்கியது உயர்சாதி இசையையே என்பது அவர் எழுப்பிய கடுமையான வினா. அதற்கு நம் கீர்த்தனை ஆய்வுகள் இன்னும் முறையாக விடையிறுக்கவில்லை. கிறித்தவக் கதைகள் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டாகப் பாடப்படுகின்றன. பாடும் இடம் பெரும்பாலும் ஆலயத்திற்கு வெளியே அமைத்த திருவிழா மேடை.