கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்க் கிறிஸ்தவச் சபைப் பிரிவுகள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் கத்தோலிக்க, லுத்தரன், மெதடிஸ்ட், சிரியன் ஆர்த்தடாக்ஸ் ஆலயங்கள் நடந்து போகும் தொலைவுக்குள் நிற்கின்றன. ஏன் இத்தனை பிரிவுகள் என்ற கேள்விக்கு இறையியல் பாதி விடையே தரும். குடியேறியவர்கள் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார்கள், அந்த ஊரில் எந்த மிஷன் ஊழியம் செய்தது என்பதே மறுபாதி.

கோலாலம்பூர்–கிள்ளான் ரயில் 1886இல் ஓடத் தொடங்கியது. ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் யாழ்ப்பாணத்தார் எழுத்தர்களாக வந்தனர். தமிழகத்தார் பெரும்பாலும் தோட்டங்களுக்குப் போனார்கள். கடல் கடந்ததில் கத்தோலிக்கருக்கு மாற்றம் குறைவு. புதுச்சேரியில் பணியாற்றிய அதே பாரிஸ் அந்நிய வேதபோதக சபைதான் மலாயாவிலும் இருந்தது. கிள்ளானின் லூர்து மாதா ஆலயம் 1928இல் எழுந்தது. தரங்கம்பாடியில் 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தொடங்கிய மரபினர் பிரிக்பீல்ட்ஸில் சீயோன் லுத்தரன் ஆலயத்தை 1924இல் கட்டினர். மெதடிஸ்டுகள், 1885இல் சிங்கப்பூருக்கு வந்த அமெரிக்க மிஷனின் வழியினர்.

போதனையில் உள்ள வேறுபாடு திருவிருந்தில் தெளிவாகத் தெரியும். அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அப்பம் அப்பமாகவே இருக்க, அதனுள் கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார் என்கிறார்கள் லுத்தரன்கள். மெதடிஸ்டுகள் ஆவிக்குரிய பிரசன்னத்தை வலியுறுத்துவார்கள். அவர்கள் கிண்ணத்தில் இருப்பது திராட்சைச் சாறுதான். ஆட்சிமுறையும் வேறு: ஆயரைப் போப்பாண்டவர் நியமிப்பது கத்தோலிக்க முறை. மலேசிய மெதடிஸ்டுகளோ நான்காண்டுத் தவணைக்குப் பேராயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

1947இல் தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் சபைகள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆயின. நெடுங்காலப் பிளவைக் கடந்த அந்த இணைப்பு திருச்சபை வரலாற்றின் அரிய சாதனை. மலாயாவில் அப்படியொன்று நடக்கவில்லை. அதனால் திருநெல்வேலியிலிருந்து வருகிற சி.எஸ்.ஐ. குடும்பம், தாயகத்தில் 1947இலேயே கரைந்துபோன ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்ற பெயர்களில் ஒன்றை இங்கே ஏற்க வேண்டியிருக்கிறது.

மொழியும் பிரித்தது. தமிழரிடையே வேர்விட்ட மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும், 1950களில் சீனர்களைக் குடியமர்த்திய புதுக்கிராமங்களில் தொடங்கிய மலேசிய லுத்தரன் திருச்சபையும் இன்றும் தனித்தனியே இயங்குகின்றன; விசுவாச அறிக்கை ஒன்றுதான். மெதடிஸ்டுகளுக்குள்ளும் தமிழ் மாநாடு என்ற நிர்வாகப் பிரிவு தனி.

பெந்தெகொஸ்தே சபைகள் பரவியபோது எழுந்த கேள்வி வேறுவகை. குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானத்தை அவை ஏற்பதில்லை. விசுவாசித்தபின் முழுக்கு வேண்டும் என்கின்றன. மற்ற சபைகளுக்கு ஞானஸ்நானம் ஒரே முறைதான். ஒரே வீட்டில் பெற்றோரும் பிள்ளைகளும் எதிரெதிரே நிற்பது இந்த ஒன்றில்தான். இத்தனை பிரிவுகளுக்கு நடுவிலும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், சுவிசேஷ லுத்தரன் சபைகள் 1979 முதல் தங்கள் போதகர்களை மலேசிய இறையியல் கல்லூரியில் சேர்ந்தே பயிற்றுவிக்கின்றன.