நெரவிப் பதிவேட்டின் கேள்விகள்

அரசலாற்றுக்குத் தெற்கே வயல் சூழ்ந்து கிடக்கும், அன்று பிரெஞ்சிந்தியாவைச் சேர்ந்த நெரவி என்னும் ஊர், 1907-இல் தனிக் கொம்யூனாக, அதாவது பிரெஞ்சு நகராட்சியாக, ஆக்கப்பட்ட பிறகு, குழந்தை பிறந்த செய்தியைச் சொல்ல வந்த தகப்பன் ஒருவனிடம் அங்கே கேட்கப்பட்ட கேள்விகள் எழுத்தரின் இஷ்டப்படி அமைந்தவையல்ல; 1804-இல் நெப்போலியன் பிறப்பித்ததும், 1819-இல் பிரெஞ்சிந்தியாவிலும் பிரகடனமானதுமான சிவில் சட்டம் அவற்றை முன்னரே வகுத்திருந்தது. நாள், மணி, பெயர், வயது, தொழில், வாசஸ்தலம் என வரும் பதில்களை நடுவே வெற்றிடமின்றி, சொற்களைக் குறுக்காமல், தேதியை இலக்கமிடாமல் எழுத்தாலேயே எழுதவேண்டும். அடித்தல் திருத்தல் நேர்ந்தால் அதற்கும் ஒப்பம் வேண்டும். முடிவில் முழுவதையும் வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பம். கையெழுத்தறியாதவரென்றால் அக்காரணமும் பதிவாகும். ஐயம் மிகுந்த சட்டந்தான். ஆயினும் அந்த ஐயம் பாமரனுக்கு எதிரானதாக மட்டும் இல்லை, எழுதுகிறவனையும் அது நம்பவில்லை.

இத்தனை காவலையும் கடந்து இடர் புகுந்த வாசல் பெயர்தான். குடும்பப் பெயர் என ஒன்று உண்டென்று கருதியே பிரெஞ்சுக்காரர் கேட்டார்கள். தமிழனிடமோ தன் பெயரும் தகப்பன் பெயருமே இருந்தன. தம் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பவர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தாக வேண்டுமென்று 1881 செப்டம்பர் 21-ஆம் தேதிய ஆணை விதித்தபோது, புதுவை வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை, பிரெஞ்சில் வாயிலைக் குறிக்கும் ‘லபோர்த்’ என்பதையே சூடிக்கொண்டார். காலணியோடு வந்ததற்காக 1873-இல் நீதிமன்றத்தில் தடுக்கப்பட்டவர் அவர் என்பதை நினைக்கையில் அத்தேர்வு எனக்குச் சுவையாகவே படுகிறது. மற்றவர் பெயர்கள், எழுத்தர் காதில் விழுந்தபடி, பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உறைந்தன.

இப்போது கணினிக்குக் கட்டளையிடும் ‘ஷெல்’ நிரல் எழுதும் இளைஞனும், அறியாமலே, அந்தப் பதிவு எழுத்தரின் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் அமைத்த ஷெல்லிலேயே ‘ரீட்’ என்னும் கட்டளை இருந்தது: அது பதிலுக்காகக் காத்து நின்று, வந்ததை ஒரு மாறியில் வைக்கும். வெறுமையாய் வந்தால் மறுபடி கேட்பதும், எண் வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் தள்ளுவதும் நிரலாளன் எழுதும் நிபந்தனைகள். உருவத்தை அவை சோதிக்கும், உண்மையை அல்ல. குடும்பப் பெயர் கட்டாயம் என்று திரை வற்புறுத்துகையில், அப்படியொன்றில்லாத தமிழன் ஒரு புள்ளியைத் தட்டுகிறான். நிரல் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது.