வியட்நாமிய மொழியா, ருஷ்ய மொழியா? ஒரு திருத்தம்



சென்ற மாத நிகழ்ச்சியில் ஒரு தாயார் தொலைபேசியில் வந்தார். பல்கலைக்கழகம் போகவிருக்கும் அவருடைய மகள், பட்டப்படிப்போடு இன்னொரு மொழியும் படிக்க விரும்புகிறாளாம். ருஷ்ய மொழியா, வியட்நாமிய மொழியா என்று யோசிக்கிறாளாம். "அண்ணை, வியட்நாம்காரர் ஆங்கில எழுத்திலதானே எழுதுகினம். அது சுகம்தானே?" என்று கேட்டார். நேரம் முடிகிற அவசரத்தில் "ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

அது பிழையான பதில். நான் வர்த்தகம் படித்த கணக்காளன், மொழியியலாளன் அல்லன். ஆனால் கணக்கில் பிழை விட்டால் திருத்தி எழுத வேண்டும் என்பது தெரியும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

வியட்நாமியர் பல நூற்றாண்டுகளாகச் சீன எழுத்திலும், அதைத் தழுவித் தாங்களே அமைத்த 'சூ நோம்' எழுத்திலும் எழுதி வந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற போர்த்துக்கேய யேசு சபைக் குருமார், கேட்ட ஒலிகளை இலத்தீன் எழுத்தில் எழுதத் தொடங்கினர். அந்த முயற்சியின் மேல் அலெக்சாந்தர் டி ரோட் என்ற குருவானவர் தொகுத்த அகராதி 1651இல் ரோமாபுரியில் அச்சானது. நெடுங்காலம் அந்த எழுத்து திருச்சபைக்குள்ளேயே கிடந்தது. பிரெஞ்சு ஆட்சி அதை நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தது. சீன எழுத்தில் நடந்த அரச பரீட்சை 1919இல் கடைசித் தடவையாக நடந்தது. 1945 செப்ரெம்பரில் சுதந்திரம் அறிவித்த சில நாட்களிலேயே ஹோ சி மின் அரசு, எல்லோரும் இந்தப் புது எழுத்தைப் படிக்க வேண்டும் என்று இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு பெருகியது. ஆனால் பாட்டனார் எழுதி வைத்த ஏட்டைப் பேரன் வாசிக்க முடியாமல் போனது.

எழுத்து ஆங்கிலம் போலத் தெரிந்தாலும் ஒலி வேறு. வியட்நாமிய மொழியில் ஒரே அசையை ஏற்றியும் இறக்கியும் உடைத்தும் சொல்லும்போது பொருள் மாறும். வடக்குப் பேச்சில் இப்படி ஆறு தொனிகள். 'மா' என்ற அசையே தொனிக்குத் தக்கபடி பேய், தாய், ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று ஆறு விதமாகப் பொருள்படும். எழுத்தின் மேலும் கீழும் போடும் சிறு குறிகள்தான் அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. குறிகள் அலங்காரம் அல்ல. அவையே சொல்லின் பாதி.

அதேவேளை எங்களுக்குப் பழக்கமான விடயங்களும் அங்கே உண்டு. நான், நீ என்பதற்குப் பதிலாக உறவுமுறைச் சொல்லாலேயே பேசுவார்கள். கடைக்காரப் பெண்மணியும் அவர்களுக்கு அக்காதான். ஆங்கிலேயர் தடுமாறும் சொல் முதல் 'ங'கர ஒலி எங்கள் நெடுங்கணக்கிலேயே இருக்கிறது. வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ உருமாறாது. வேற்றுமை உருபும் இல்லை.

ருஷ்ய மொழி இதற்கு நேர்மாறு. 33 எழுத்துகளையும் பார்த்தவுடன் பயம் வரும். ஆனால் ஊக்கமுள்ள பிள்ளை இரண்டு கிழமையில் அவற்றைப் பிடித்துவிடலாம். மகா பீட்டர் 1708இல் தொடங்கி எழுத்துருவை எளிதாக்கினார். 1918இல் புரட்சி அரசு தேவையற்ற எழுத்துகளை நீக்கியது. ருஷ்ய மொழியையும் இலத்தீன் எழுத்துக்கு மாற்றும் திட்டம் ஒன்று எழுந்து, 1930இல் கைவிடப்பட்டது.

கடினம் உள்ளே இருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு ஆறு வேற்றுமை. எட்டு வேற்றுமை படித்த எங்களுக்கு அந்த எண்ணம் புதிதல்ல. 'இது வீடு' என்பதை 'எத்தோ தோம்' என்று, எங்களைப் போலவே வினைச்சொல் இல்லாமல் சொல்வார்கள். ஆனால் மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், யன்னல் இரண்டுமில்லை. பாலுக்கும் எண்ணுக்கும் தக்கபடி உருபு மாறும். அடைமொழியும் கூடவே மாறும்.

எங்கள் தலைமுறைக்கு ருஷ்ய மொழி முழு அந்நியமும் அல்ல. மொஸ்கோவில் அச்சான மலிவு விலைத் தமிழ்ப் புத்தகங்களை யாழ்ப்பாணத்தில் வாசித்தே வளர்ந்தோம். 1960இல் தொடங்கிய லுமும்பா பல்கலைக்கழகத்துக்குப் புலமைப்பரிசிலில் போனவர்கள் முதல் வருடம் ருஷ்ய மொழி படித்து, பிறகு அதிலேயே மருத்துவமும் பொறியியலும் படித்தார்கள். வியட்நாமியரோ இங்கே எங்கள் அயலவர். 1979இல் பிரித்தானியா ஹொங்கொங் முகாம்களிலிருந்து 10,000 பேரை ஏற்க ஒப்புக்கொண்டது. நாடெங்கும் சிதறிக் குடியேற்றப்பட்டவர்களில் பலர் பிறகு லண்டனுக்கு வந்து ஹக்னியிலும் லூயிசத்திலும் சேர்ந்தார்கள். படகும் முகாமும் அவர்களுக்கும் தெரியும்.

சரி, எது இலகு? அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுவோருக்கு ருஷ்ய மொழிக்கும் வியட்நாமிய மொழிக்கும் ஒரே கணக்குப் போடுகிறது: சுமார் 1100 வகுப்பு மணித்தியாலம். அதே வரிசையில் சிங்களமும் இருக்கிறது. தமிழும் இருக்கிறது.

இதைக் கண்டதும் கணக்குப் போட்டேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வாரம் 2 மணித்தியாலம், வருடம் 40 வாரம் என்றால் 80 மணித்தியாலம். 1100ஐ எட்டக் கிட்டத்தட்ட 14 வருடம். மிச்சத்தை வீடுதான் ஈடு செய்ய வேண்டும். 'ஆங்கில எழுத்திலேயே தமிழைப் படிப்பித்தால் என்ன?' என்று பெற்றோர் கேட்பது இந்தச் சுமையால்தான்.

அது புதிய யோசனையும் அல்ல. தமிழ் முதன்முதலில் அச்சானதே இலத்தீன் எழுத்தில்தான், 1554இல், லிஸ்பனில். டி ரோட்டின் அகராதிக்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பு. ஆனால் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சானது. எங்கள் பாதை அங்கே பிரிந்தது.

நானும் ஒருமுறை குறுக்கு வழி தேடினேன். என் தகப்பனாரின் அந்தியேட்டியில் வாசிக்க, மகனுக்கு நாலு வரியை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். 'எங்களுக்கு வழி காட்டிய அப்பப்பா' என்பதை அவன் கவனமாக, 'வலி காட்டிய அப்பப்பா' என்று வாசித்தான். சபை அமைதியாக இருந்தது. பிழை அவனுடையதல்ல. வியட்நாமியர் தங்கள் ஒலி ஒவ்வொன்றுக்கும் குறி வைத்த பிறகே எழுத்தை மாற்றினார்கள். நான் குறி எதுவும் வைக்காமல் மாற்றினேன்.

ஆகவே அந்தத் தாயாருக்கு என் திருத்திய பதில்: எழுத்தைப் பார்த்து மொழியைத் தெரிய வேண்டாம். காது கூர்மையான பிள்ளைக்கு வியட்நாமிய மொழி பொருந்தும். இலக்கண வாய்பாடு மனனம் செய்யப் பொறுமையுள்ள பிள்ளைக்கு ருஷ்ய மொழி. அதைவிட முக்கியம், யாரோடு கதைக்கப் போகிறாள் என்பது. அயல்வீட்டில் வியட்நாமியத் தோழி இருந்தால் பாதி வகுப்பு அங்கேயே நடக்கும்.

என் மகன் இப்போது தமிழ் எழுத்தில் வாசிக்கிறான், மெதுவாக. 'ழ'கரம் வரும் இடத்தில் ஒரு கணம் நின்று போகிறான்.